எடிட்டிங்குக்கு வெளி ஹார்டு டிஸ்க்: வாங்குவதற்கு முன் கேட்டுக்கொள்கிறேன்

கன்னங்குறிச்சியான்

அனைவருக்கும் வணக்கம். சேலம் கன்னங்குறிச்சியில் நான்கு ஆண்டுகளாகத் திருமண வீடியோ எடுத்து, எடிட்டிங்கையும் நானே செய்துவருகிறேன். ஆடி மாதம் என்பதால் இப்போது மண்டப வேலை இல்லை. ஆவணியின் முதல் முகூர்த்தம் வருவதற்குள் என் சேமிப்பு ஏற்பாட்டை ஒழுங்குபடுத்திவிட வேண்டும் என்று நினைக்கிறேன்.

என்னிடம் உள்ளவை: 16 ஜிபி ராம், 512 ஜிபி உள் எஸ்எஸ்டி கொண்ட விண்டோஸ் லேப்டாப், எக்ஸ்ஃபேட் முறையில் ஃபார்மட் செய்த 2 டிபி கையடக்க ஹார்டு டிஸ்க், ஒரே மாடலில் இரண்டு கேமராக்கள், இரண்டிலும் 4கே, 25 ஃபிரேம், விநாடிக்கு 100 மெகாபிட், எச்.265 முறையில் பதியும் ஒரு ட்ரோன். எடிட்டிங் டாவின்சி ரிசால்வ் மென்பொருளில். மாலை வரவேற்பும் மறுநாள் காலை முகூர்த்தமும் சேர்த்து ஒவ்வொரு கேமராவும் ஏறக்குறைய நான்கு மணி நேரம் ஓடும்.

தொல்லைகள் மூன்று. இரண்டு கேமராவின் படத்தையும் ஒரே நேரத்தில் ஓடவிடும் மல்டிகேமில் போட்டால் படம் திக்கித் திக்கி ஓடுகிறது. காலையில் டிஸ்கை இணைத்தால் சில நாட்களில் எல்லா கிளிப்பும் சிவப்பாகி ‘மீடியா ஆஃப்லைன்’ என்று வருகிறது. கார்டிலிருந்து நகலெடுக்கும்போது பாதிக்கு மேல் வேகம் சுருண்டுவிடுகிறது. 4 டிபி ஹார்டு டிஸ்க் வாங்கலாமா, அதே பணத்துக்குச் சிறிய எஸ்எஸ்டி வாங்கலாமா என்பதுதான் என் கேள்வி. அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

சூரமங்கலம் எடிட்டர்

தம்பி, கடைக்குப் போவதற்கு முன் ஒரு மணி நேரம் ஒதுக்கி அளந்து பாருங்கள். நம் தொழிலில் படம் திக்கினால் பழி முதலில் டிஸ்க் மேல்தான் விழும். பாதி நேரம் குற்றவாளி வேறொருவராக இருப்பார்.

முதலில் கணக்கு. கேமரா சொல்லும் 100 என்பது மெகாபிட். டிஸ்கின் வேகம் மெகாபைட்டில் சொல்லப்படுவது. எட்டால் வகுத்தால் ஒரு கேமராவுக்கு விநாடிக்கு 12.5 மெகாபைட், இரண்டுக்கும் சேர்த்து 25. சாதாரணக் கையடக்க ஹார்டு டிஸ்க், அதாவது நிமிடத்துக்கு 5400 சுற்று சுழலும் 2.5 அங்குல டிஸ்க், தொடர்ச்சியாகப் படிக்கும்போது 100 முதல் 140 மெகாபைட் வரை தரும். காகிதத்தில் பார்த்தால் நான்கு மடங்கு தாராளம். ஆனால் ஹார்டு டிஸ்கில் படிக்கும் முள் ஒன்றுதான் நகர முடியும். ஒரு கேமராவின் கோப்பிலிருந்து மற்றதன் கோப்புக்குத் தாவும் ஒவ்வொரு முறையும் பத்து, பதினைந்து மில்லிவிநாடி வீணாகும். மூன்றாவதாக இன்னொரு கோப்பும் சேர்ந்தால் முள் ஓடுவதிலேயே நேரம் போய்விடும்.

இரண்டு சோதனைகள் செய்யுங்கள். ஒன்று, இரண்டு கேமராவிலிருந்தும் ஐந்து நிமிட கிளிப்பும் ட்ரோனிலிருந்து ஒரு கிளிப்பும் எடுத்து உள் எஸ்எஸ்டியில் நகலெடுத்து, அங்கிருந்து ஓட்டிப் பாருங்கள். அப்போதும் திக்கினால் எந்த டிஸ்க் வாங்கினாலும் பயன் இல்லை. பிரச்சினை பிராசசரிடமோ கிராஃபிக்ஸ் கார்டிடமோ இருக்கிறது. இரண்டு, 10 ஜிபி அளவுள்ள ஒரே கோப்பை வெளி டிஸ்கிலிருந்து உள்ளே நகலெடுத்து, டாஸ்க் மேனேஜரில் வேகத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒன்றரை நிமிடத்தில் முடிந்தால் டிஸ்க் ஒழுங்காக இருக்கிறது. நான்கு நிமிடத்துக்கு மேல் எடுத்தால், வேறு எதையும் பார்ப்பதற்கு முன் கேபிளைப் பாருங்கள்.

ரிசால்வின் பிரிஃபரன்சஸ் பகுதியில் மீடியா ஸ்டோரேஜ் பட்டியலில் முதல் வரிசையில் எந்த டிஸ்க் இருக்கிறது என்பதையும் எழுதுங்கள்.

ஓமலூர் ரோடு

இவ்வளவு எதற்கு? இரண்டு டிஸ்கை ஒன்றாக இணைத்து இயக்கும் ரெய்டு பெட்டி ஒன்று வாங்கிவிட்டால் வேகமும் கிடைக்கும், பாதுகாப்பும் கிடைக்கும்.

பழைய நெகட்டிவ்

இரண்டும் சேர்ந்து கிடைக்காது, நண்பரே. இரண்டு டிஸ்க் பெட்டியில், கோப்பைத் துண்டாக்கி இரண்டிலும் பிரித்து எழுதும் ரெய்டு 0 போட்டால் வேகம் வரும், ஆனால் ஒரு டிஸ்க் செத்தால் இரண்டிலும் உள்ளது போகும். ஒரே கோப்பை இரண்டிலும் எழுதும் ரெய்டு 1 போட்டால் ஒன்று செத்தாலும் மற்றது நிற்கும், ஆனால் எழுதும் வேகம் ஒரு டிஸ்கின் வேகம்தான்; நள்ளிரவு தூக்கக் கலக்கத்தில் நீங்கள் தவறான கோப்புறையை அழித்தால் அது இரண்டிலும் அதே நொடியில் அழியும். ரெய்டு 1 என்பது வேலை நின்றுவிடாமல் இருப்பதற்கான ஏற்பாடு, அதைப் பிரதி என்று கணக்கில் எடுத்துக்கொள்ளக் கூடாது. கேட்பவர் ஒற்றை ஆளாகத் தொழில் செய்பவர்; அந்தப் பெட்டிக்குக் கொடுக்கும் பணத்தில் தனித்தனியாக இரண்டு டிஸ்க் வாங்கி வெவ்வேறு வீட்டில் வைக்கலாம்.

கன்னங்குறிச்சியான்

சூரமங்கலம் அண்ணன் சொன்ன சோதனைகளைச் செய்தேன். முடிவு எனக்கே வெட்கமாக இருக்கிறது.

10 ஜிபி கோப்பு நான்கரை நிமிடம் எடுத்தது. வேகம் 37 மெகாபைட்டைத் தாண்டவே இல்லை. டிஸ்கோடு வந்த கேபிள் போன ஆண்டே தொலைந்துவிட்டது. அதன் பிறகு பழைய கைப்பேசியின் சார்ஜர் கேபிளைத்தான் போட்டுவருகிறேன். டிஸ்கின் துளை அகலமாக, இரண்டு பகுதியாக இருக்கிறது அல்லவா, அதில் பெரிய பகுதியில் இந்தச் சின்ன முனை அழகாகப் பொருந்தி வேலை செய்ததால் எனக்குச் சந்தேகமே வரவில்லை. பக்கத்துத் தெருவில் இருக்கும் நண்பரிடம் முழு அகல முனை கொண்ட கேபிளைக் கடன் வாங்கிப் போட்டேன். அதே கோப்பு, அதே டிஸ்க், 118 மெகாபைட்.

உள் எஸ்எஸ்டியிலிருந்து ஓட்டியபோது கேமரா கிளிப்புகள் இரண்டும் தடையில்லாமல் ஓடின. ட்ரோன் கிளிப் மட்டும் அங்கேயும் திக்குகிறது. மீடியா ஸ்டோரேஜ் பட்டியலில் முதல் வரிசையில் வெளி ஹார்டு டிஸ்க்தான் இருக்கிறது.

சூரமங்கலம் எடிட்டர்

வெட்கப்பட ஒன்றும் இல்லை. அந்த அகலத் துளையின் பெரிய பகுதி பழைய மைக்ரோ யூஎஸ்பி முனையை ஏற்றுக்கொள்ளும்படியே அமைக்கப்பட்டது. பொருத்தினால் டிஸ்க் யூஎஸ்பி 2.0 வேகத்தில் இயங்கும்; விநாடிக்கு 480 மெகாபிட் என்று பெயர், கைக்கு வருவது 35 முதல் 40 மெகாபைட். சி வகை முனையிலும் இதே கதை உண்டு. கைப்பேசியோடு வரும் சி கேபிள்களில் பல, சார்ஜ் ஏற்றுவதற்கென்றே செய்யப்பட்டவை. உள்ளே தரவுக்கு யூஎஸ்பி 2.0 கம்பிகள் மட்டுமே இருக்கும். வெளியிலிருந்து பார்த்தால் வித்தியாசம் தெரியாது. ஆகவே எடிட்டிங் கேபிளில் ஒரு வண்ண டேப்பைச் சுற்றி வையுங்கள், வீட்டில் யாரும் சார்ஜ் போட எடுத்துப்போகாமல் இருக்க.

இனி மீடியா ஸ்டோரேஜ். முதல் வரிசையில் இருக்கும் டிஸ்கில்தான் ரிசால்வ் தன் கேஷ் கோப்புகளை, அதாவது முன்கூட்டியே தயாரித்து வைத்துக்கொள்ளும் தற்காலிகக் கோப்புகளை, எழுதும். அதாவது உங்கள் ஹார்டு டிஸ்க் ஒரே நேரத்தில் இரண்டு கேமராவின் கோப்புகளைப் படித்துக்கொண்டும், நிறத்திருத்தம் செய்த பகுதிகளின் கேஷை எழுதிக்கொண்டும், 37 மெகாபைட் குழாய் வழியாக மூச்சுவிட்டுக்கொண்டும் இருந்திருக்கிறது. பட்டியலில் உள் எஸ்எஸ்டியை முதலில் கொண்டுவாருங்கள். ஏற்கனவே தொடங்கிய புராஜெக்ட்டுகளில் மாஸ்டர் செட்டிங்ஸின் அடியில் வொர்க்கிங் ஃபோல்டர்ஸ் என்ற பகுதி இருக்கும். அங்கேயும் பாதையை மாற்ற வேண்டும், பழைய புராஜெக்ட் தானாக மாறாது. கேஷ் அழிந்தாலும் திரும்ப உருவாகிவிடும் என்பதால் அதற்குப் பிரதி எடுக்கத் தேவையில்லை.

ட்ரோன் கிளிப் உள் எஸ்எஸ்டியிலும் திக்குகிறது என்றால் டிஸ்க் நிரபராதி. எச்.265 இடத்தைச் சேமிப்பதற்காக ஃபிரேம்களை ஒன்றோடொன்று பின்னிச் சுருட்டி வைக்கிறது. நடுவில் ஒரு ஃபிரேமைக் காட்ட வேண்டும் என்றாலும் அதைச் சுற்றியுள்ளவற்றைப் பிரித்தாக வேண்டும். ட்ரோனுக்கு மட்டும் பிராக்சி, அதாவது எடிட்டிங்கின்போது மட்டும் பயன்படும் இலகுவான நகல், செய்துகொள்ளுங்கள். பாதி அளவு, அதாவது 1920×1080, டிஎன்எக்ஸ்எச்ஆர் எல்பி என்ற பதிவு முறை. விநாடிக்குச் சுமார் 36 மெகாபிட், மணிக்கு 16 ஜிபி. ஒரு கல்யாணத்தில் ட்ரோன் அரை மணி நேரம் பறந்தால் 8 ஜிபி. அது உள் எஸ்எஸ்டியிலேயே அடங்கும்.

செவ்வாய்ப்பேட்டை

அப்படியானால் எஸ்எஸ்டி எதற்கு? 3.5 அங்குல, 7200 சுற்று டிஸ்க் ஒன்றைப் பெட்டியோடு வாங்கினால் 200 மெகாபைட் வரை வரும். ஒரு டிபிக்கு ஆகும் விலையும் குறைவு. நான் ஆறு ஆண்டுகளாக அதில்தான் எடிட் செய்கிறேன்.

ஆனால் அதில் எனக்கு ஒரு முறை சூடு விழுந்ததையும் சொல்லிவிடுவது நியாயம். 3.5 அங்குல டிஸ்குக்கு 12 வோல்ட் அடாப்டர் தனியாக உண்டு. லேப்டாப்பிலிருந்து மின்சாரம் எடுக்காது. மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை என்று செய்தித்தாளில் வந்ததைப் பார்க்காமல், காலையில் ஒரு முகூர்த்தத்தின் கார்டுகளை நகலெடுத்துக்கொண்டிருந்தேன். மின்சாரம் போனதும் லேப்டாப் பேட்டரியில் ஒன்றும் நடக்காததுபோல ஓடிக்கொண்டிருந்தது, டிஸ்க் மட்டும் எழுதிக்கொண்டிருந்த கையோடு நின்றுவிட்டது. திரும்ப இணைத்தபோது ஃபார்மட் செய்யவா என்று கேட்டது. பழுது நீக்கிய பிறகு பாதி கோப்புகள் பெயரில்லாத துண்டுகளாக வந்தன. கார்டுகளை அழிக்காமல் வைத்திருந்ததால் மானம் தப்பியது. அன்றே டிஸ்கின் அடாப்டருக்கு ஒரு சிறிய யூபிஎஸ் வாங்கினேன்.

பழைய நெகட்டிவ்

செவ்வாய்ப்பேட்டை நண்பர் அந்த டிஸ்கை எக்ஸ்ஃபேட்டில் வைத்திருந்தாரா என்று கேட்க விரும்புகிறேன்.

செவ்வாய்ப்பேட்டை

ஆம் ஐயா, எக்ஸ்ஃபேட்தான். ஆல்பம் வடிவமைப்பவரிடம் மேக் இருப்பதால் அப்படி வைத்திருந்தேன்.

பழைய நெகட்டிவ்

அதுதான் விஷயம். எக்ஸ்ஃபேட்டுக்கு ஜர்னல் கிடையாது. என்டிஎஃப்எஸ் போன்ற முறைகள் கோப்புப் பட்டியலில் ஒரு மாற்றத்தைச் செய்வதற்கு முன் அதைத் தனியே ஒரு குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளும். இடையில் மின்சாரம் போனால் குறிப்பைப் பார்த்துப் பட்டியலைப் பழைய ஒழுங்குக்குக் கொண்டுவரும். அந்த நொடியில் எழுதிக்கொண்டிருந்த கோப்பு போகலாம், ஆனால் டிஸ்க் முழுவதும் குழம்புவது அரிது. எக்ஸ்ஃபேட்டில் அந்தக் குறிப்பேடு இல்லை. மேக், விண்டோஸ், கேமரா என எங்கும் வாசிக்கப்படுகிறது என்பதே அதன் வலிமை. ஆகவே கை மாற்றும் டிஸ்குக்கு எக்ஸ்ஃபேட், விண்டோஸில் மட்டும் வேலை செய்யும் டிஸ்குக்கு என்டிஎஃப்எஸ் என்று பிரித்துக்கொள்வது நல்லது. மேக் என்டிஎஃப்எஸ் டிஸ்கைப் படிக்கும். கூடுதல் மென்பொருள் இல்லாமல் அதில் எழுதாது. ஆல்பக்காரர் படித்தால் போதும் என்றால் அதுவும் சிக்கல் இல்லை.

ஏற்காடு சாலையில் மாடர்ன் தியேட்டர்ஸ் வளைவைத் தாண்டிப் போகும்போதெல்லாம் எனக்கு இது நினைவுக்கு வரும். 1935-இல் டி. ஆர். சுந்தரம் தொடங்கிய அந்தத் திரைப்பட நிறுவனத்தின் காலத்தில் நெகட்டிவ் என்பது ஒன்றுதான். பிரிண்ட் எத்தனை போட்டாலும் ஒவ்வொன்றும் மூலத்தைவிட ஒரு படி தரம் குறைந்தது. நமக்கு ஒவ்வொரு நகலும் மூலமே. இந்த வசதி இருந்தும் ஒரே பிரதியை வைத்துக்கொண்டு தொழில் செய்கிறோம்.

மலைக்காபி

ஏற்காட்டிலிருந்து எழுதுகிறேன். காபித் தோட்டங்களையும் பறவைகளையும் வைத்து ஆவணப்படங்கள் எடுக்கிறேன். என் வேலை மேக்கில். செவ்வாய்ப்பேட்டை அண்ணன் சொல்லும் 3.5 அங்குல டிஸ்க் மேசையை விட்டு நகராதவர்களுக்கு நல்லது. தம்பி மண்டபத்திலிருந்து வீட்டுக்கும், மாதம் ஒரு முறையாவது மலைக்கும் போய்வருபவர் என்றால், வேலை செய்யும் டிஸ்க் எஸ்எஸ்டியாக இருப்பதே நல்லது என்பேன்.

ஹார்டு டிஸ்க் அணைந்திருக்கும்போது முள் ஓரமாக ஒதுங்கிவிடும். அந்த நிலையில் 20 கொண்டை ஊசி வளைவுகளையும் தாங்கும். ஆபத்து எப்போதென்றால், கார்டு நகலாகிக்கொண்டிருக்கும் லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு காரில் மலையிறங்கும்போது. நேரம் மிச்சம் என்று நானும் அதைச் செய்திருக்கிறேன். பத்தாவது வளைவுக்குள் டிஸ்க் கடகடவென்று சத்தம் போடத் தொடங்கியது. அதன் பிறகு அது முழுதாக எதையும் படிக்கவில்லை.

இன்னொன்று பனி. 1,500 மீட்டர் உயரம் டிஸ்குக்கு ஒரு பொருட்டே அல்ல. பெரும்பாலான ஹார்டு டிஸ்குகள் 3,000 மீட்டர் வரை இயங்கும் என்றே குறிக்கப்பட்டிருக்கும். ஆனால் மார்கழிக் காலையில் மலையில் குளிர்ந்து கிடந்த டிஸ்கை ஒரு மணி நேரத்தில் சேலத்துக்குக் கொண்டுவந்து பையைத் திறந்தால், கீழே உள்ள வெதுவெதுப்பான காற்றின் ஈரம் குளிர்ந்த உலோகத்தின் மேல் முத்து முத்தாகப் படியும். கண்ணாடி அணிந்தவர்களுக்கு இது புரியும். ஜிப் கவரில் போட்டுக் காற்றை வெளியேற்றி மூடிக் கொண்டுவாருங்கள். இறங்கியதும் கவரைத் திறக்காமல் அரை மணி, முக்கால் மணி விடுங்கள், டிஸ்க் அறையின் வெப்பத்துக்கு வந்த பிறகு திறந்து இணையுங்கள். லென்ஸில் பூஞ்சை பிடிக்காமல் இருக்க நாங்கள் வைத்திருக்கும் சிலிக்கா ஜெல் டப்பாவிலேயே டிஸ்குகளும் இருக்கின்றன.

சித்திரை வெயிலில் நிறுத்திய காருக்குள் விட்டுவிடுவது இதற்கு நேர் எதிரான தவறு. இயங்கும்போது ஹார்டு டிஸ்குகளுக்கு 55 அல்லது 60 டிகிரிதான் உச்சம். கண்ணாடி ஏற்றிய கார் அதை எளிதில் எட்டும்.

கன்னங்குறிச்சியான்

நன்றி அக்கா. காரில் நகலெடுப்பதை நானும் செய்திருக்கிறேன், இனி இல்லை.

அப்படியானால் வேலைக்கு எஸ்எஸ்டி என்று முடிவு செய்கிறேன். 1 டிபி போதுமா? கடையில் ஒன்றில் 5 ஜிபிபிஎஸ் (விநாடிக்கு 5 கிகாபிட்) என்றும் இன்னொன்றில் 10 என்றும் வேறொன்றில் 20 என்றும் எழுதியிருக்கிறது. இணையத்தில் 16 டிபி எஸ்எஸ்டி நம்ப முடியாத மலிவு விலைக்கு வருகிறது.

சூரமங்கலம் எடிட்டர்

கடைசியிலிருந்து வருகிறேன். மலிவு விலை 16 டிபி எஸ்எஸ்டி என்பது ஏமாற்று வேலை. உள்ளே ஒரு சிறிய மெமரி கார்டு இருக்கும். விண்டோஸிடம் 16 டிபி என்று பொய் சொல்லும்படி அதன் கட்டுப்பாட்டுச் சிப்பில் எழுதியிருப்பார்கள். உண்மையான கொள்ளளவு நிரம்பிய பிறகு எழுதுவதெல்லாம் காற்றில் போகும், கோப்பின் பெயர் மட்டும் பட்டியலில் இருக்கும். எதை வாங்கினாலும் எச்2டெஸ்ட்டபிள்யூ போன்ற மென்பொருளால் முழுக் கொள்ளளவுக்கும் எழுதித் திரும்பப் படித்துச் சரிபார்த்த பிறகே முதல் கல்யாணத்தை அதில் ஏற்றுங்கள். 1 டிபி டிஸ்கில் 931 ஜிபிதான் தெரிகிறது என்றால் அது ஏமாற்று இல்லை. தயாரிப்பாளர் ஆயிரத்தால் பெருக்குகிறார், விண்டோஸ் 1,024 ஆல் வகுக்கிறது, அவ்வளவே.

வேகம்: 5 என்றால் கைக்கு 400 முதல் 450 மெகாபைட், 10 என்றால் சுமார் 1,000. 20 என்று எழுதியதன் முழு வேகம் கிடைக்க லேப்டாப்பிலும் அதே வகைத் துளை இருக்க வேண்டும். பெரும்பாலான லேப்டாப்புகளில் இல்லை, அது 10 ஆகவே ஓடும். உங்கள் வேலைக்கு 5 கூடப் போதும். இரண்டு கேமராவுக்கு 25 மெகாபைட் என்ற கணக்கை மறக்காதீர்கள். எஸ்எஸ்டியில் நமக்குக் கிடைக்கும் பெரிய ஆதாயம் அந்த ஆயிரம் அல்ல, முள் இல்லாததால் கோப்புக்குக் கோப்பு தாவும் தாமதம் மறைந்துவிடுவதுதான். ஒருநாள் புரோரெஸ் 422 எச்க்யூ என்ற கனமான பதிவு முறையில் வேலை செய்யும்படி வந்தால் கணக்கு மாறும்; 4கே, 25 ஃபிரேமுக்கு அது விநாடிக்கு 737 மெகாபிட், அதாவது ஒற்றை அடுக்குக்கே 92 மெகாபைட்.

கார்டு நகலெடுப்பு எஸ்எஸ்டியால் பறக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். யூஎச்எஸ்-1 வகை கார்டின் பாதை உச்சமே 104 மெகாபைட். அங்கே வேகத்தைக் குறைப்பது கார்டுதான்.

அளவு: ஒரு கேமரா மணிக்கு 45 ஜிபி. நான்கு மணி நேரம், இரண்டு கேமரா, 360 ஜிபி. ட்ரோன் சேர்த்து 380 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆக 1 டிபியில் ஒரே நேரத்தில் இரண்டு கல்யாணம் நிற்கும், ஐந்தில் ஒரு பங்கு காலியாகவும் இருக்கும். அந்தக் காலியிடம் வேண்டும்; எஸ்எஸ்டியை விளிம்பு வரை நிரப்பினால் எழுதும் வேகம் குறையும். மிக மலிவான எஸ்எஸ்டிகளில் முதல் சில பத்து ஜிபி வரை மட்டும் வேகம் காட்டி, பிறகு ஹார்டு டிஸ்க் அளவுக்கு இறங்கிவிடுபவையும் உண்டு. மூன்றாவது கல்யாணம் வந்தால் முதல் கல்யாணத்தைக் கொடுத்து முடியுங்கள், அதுவும் நல்லதுதான்.

பழைய நெகட்டிவ்

தம்பியின் மூன்றாவது தொல்லை அப்படியே நிற்கிறது. நகலெடுக்கும்போது பாதியில் வேகம் சுருள்வதற்குக் கேபிள் காரணம் அல்ல. கேபிள் என்றால் தொடக்கம் முதலே மெதுவாக இருக்கும். 2 டிபி முதல் மேலே உள்ள 2.5 அங்குல ஹார்டு டிஸ்குகளில் பெரும்பாலானவை எஸ்எம்ஆர் முறையில் செய்யப்பட்டவை. ஓட்டு வீட்டுக் கூரையில் ஒரு ஓட்டின் மேல் அடுத்த ஓட்டின் விளிம்பு ஏறியிருப்பதுபோல, அதில் பதிவுத் தடங்கள் ஒன்றன் மேல் ஒன்று ஏறியிருக்கும். நடுவில் ஒரு ஓட்டை மாற்ற வேண்டும் என்றால் அதன் மேல் ஏறியிருப்பவற்றையும் கழற்றி மீண்டும் வேய வேண்டும். பழைய கல்யாணத்தை அழித்துவிட்டு அந்த இடத்தில் புதியதை எழுதும்போது டிஸ்க் உள்ளுக்குள் செய்வது இந்த வேலைதான். முதலில் ஒரு தற்காலிகப் பகுதியில் வேகமாக வாங்கிக்கொள்ளும்; அது நிரம்பியதும் மூச்சு வாங்கும்.

ஆகவே அந்த டிஸ்கைத் தூக்கி எறிய வேண்டாம். அதை இருப்பு டிஸ்காக மாற்றுங்கள். ஒரு முறை எழுதி, பல முறை படித்து, அழிக்காமல் விட்டால் எஸ்எம்ஆர் டிஸ்க் நன்றாகவே உழைக்கும். நீண்ட நாள் மின்சாரம் இல்லாமல் அலமாரியில் கிடப்பதற்கு எஸ்எஸ்டியைவிட ஹார்டு டிஸ்கே ஏற்றது.

மலைக்காபி

‘மீடியா ஆஃப்லைன்’ பற்றி யாரும் சொல்லவில்லையே? மேக்கில் டிஸ்கின் பெயரை வைத்துத் தேடும் என்பதால் எனக்கு அந்தத் தொல்லை இல்லை.

சூரமங்கலம் எடிட்டர்

நினைவூட்டியதற்கு நன்றி. விண்டோஸ் ஒவ்வொரு டிஸ்குக்கும் ஓர் ஆங்கில எழுத்தை ஒதுக்குகிறது. நேற்று ‘இ’ ஆக இருந்த டிஸ்க், இன்று கார்டு ரீடர் முந்திக்கொண்டதால் ‘எஃப்’ ஆனது என்றால் ரிசால்வ் தேடும் பாதை இல்லாமல் போகிறது. டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் போய், எழுத்து வரிசையின் கடைசிப் பக்கமாக, வேறு எதுவும் வந்து பிடிக்காத ஓர் எழுத்தை உங்கள் வேலை டிஸ்குக்குக் கொடுங்கள். நான் வீடியோவுக்கு ‘வி’ வைத்திருக்கிறேன். அதே கணினியில் அந்த டிஸ்க் எப்போது இணைந்தாலும் அதே எழுத்து வரும்.

இதைவிடப் பெரிய பள்ளம் ஒன்று உங்கள் ஏற்பாட்டில் இருக்கிறது. இரண்டு கேமராவும் ஒரே மாடல். இரண்டும் முதல் கிளிப்புக்கு சி0001 என்றே பெயர் வைக்கும். கோப்புறையைப் பெயர் மாற்றிவிட்டு ரிசால்விடம் மீண்டும் தேடிக்கொள் என்று சொன்னால், தாலி கட்டும் கிளிப்புக்குப் பதிலாக மற்ற கேமராவின் பந்தி கிளிப்பை இணைத்துவிடும் வாய்ப்பு உண்டு. கேமரா மெனுவில் கோப்புப் பெயரின் முன்னொட்டை மாற்றும் வசதி இருந்தால் இன்றே ஒன்றுக்கு ‘ஏ’, மற்றதற்கு ‘பி’ என்று வையுங்கள். இல்லையென்றால், திருமணத் தேதியில் தொடங்கும் கோப்புறைக்குள் கேமராவுக்கு ஒன்றாகப் பிரித்து, அதற்குள் கார்டுக்கு ஒன்றாகப் பிரித்து, கார்டில் உள்ளதை அப்படியே முழுதாக இறக்குங்கள். எம்பி4 மட்டும் போதும் என்று பொறுக்கி எடுக்காதீர்கள். பக்கத்தில் கிடக்கும் சிறு கோப்புகளில் நேரக் குறியீடு முதலியவை இருக்கும். எடிட் தொடங்கிய பிறகு கோப்புறைப் பெயரைத் தொடாதீர்கள்.

செவ்வாய்ப்பேட்டை

நானும் ஒன்று சேர்க்கிறேன். ரிசால்வில் ஃபுட்டேஜ் வெளி டிஸ்கில் இருந்தாலும் புராஜெக்ட் அதில் இருக்காது. உள் டிஸ்கில் ஒரு தரவுத்தளத்துக்குள் இருக்கும். லேப்டாப் போனால் பத்து நாள் எடிட்டும் போகும். ஒவ்வொரு நாளும் முடிக்கும்போது புராஜெக்ட்டை டிஆர்பி கோப்பாக எக்ஸ்போர்ட் செய்து ஃபுட்டேஜ் பக்கத்திலேயே போடுங்கள். சில எம்பிதான் வரும். வாட்ஸ்அப்பில் உங்களுக்கே அனுப்பிக்கொள்ளலாம்.

ஓமலூர் ரோடு

ரெய்டு பற்றி ஐயா சொன்னதை ஏற்றுக்கொள்கிறேன். அப்படியானால் பிரதி எத்தனை, எங்கே என்பதையும் சொல்லிவிடுங்கள். நானும் இதுவரை ஒற்றைப் பிரதிக்காரன்தான்.

பழைய நெகட்டிவ்

மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று வேறு இடத்தில் என்று ஒரு பழைய வழக்கம் உண்டு. ஒற்றை ஆளுக்கு அதை இப்படிப் பொருத்தலாம்: வேலை எஸ்எஸ்டி ஒன்று, வீட்டு அலமாரியில் ஹார்டு டிஸ்க் ஒன்று, ஆத்தூரிலோ மேட்டூரிலோ உறவினர் வீட்டில் இன்னொரு ஹார்டு டிஸ்க். கல்யாணம் முடிந்த இரவே கார்டிலிருந்து முதல் இரண்டுக்கும் நேரடியாக இறக்க வேண்டும். முதலில் எஸ்எஸ்டிக்கு இறக்கி, பிறகு அதிலிருந்து ஹார்டு டிஸ்குக்கு நகலெடுத்தால், முதல் நகலில் விழுந்த பிழை இரண்டாவதிலும் போய்ச் சேரும்.

ஃபைல் எக்ஸ்ப்ளோரரில் இழுத்துப் போடுவதை விட்டுவிடுங்கள். அது நகல் முடிந்தது என்று சொல்லும். எழுதியதைத் திரும்பப் படித்து மூலத்தோடு ஒப்பிடாது. டெராகாப்பியில் சரிபார்க்கும் வசதி உண்டு. ரிசால்வின் மீடியா பக்கத்திலேயே குளோன் டூல் என்ற கருவி இருக்கிறது, அது செக்சம், அதாவது கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் சரிபார்ப்பு எண், போட்டு ஒப்பிடும், ஒரே நேரத்தில் இரண்டு இடத்துக்கும் எழுதும். கூடுதல் நேரம் ஆகும்தான். அந்த நேரத்தில் சாப்பிட்டுவிட்டு வாருங்கள்.

இரண்டு இடத்திலும் சரிபார்த்த பிறகே கார்டைக் கேமராவில் போட்டு ஃபார்மட் செய்ய வேண்டும். அடுத்த முகூர்த்தம் நெருங்குகிறது என்ற அவசரத்தில் இதை விட்டுவிடக் கூடாது என்பதற்காகக் கூடுதலாக இரண்டு கார்டு வாங்கி வைப்பது, எனக்குத் தெரிந்து, இந்தத் தொழிலில் மிக மலிவான காப்பீடு. எத்தனை மாதம் ஃபுட்டேஜை வைத்திருப்போம் என்பதையும் ரசீதிலேயே அச்சடித்துவிடுங்கள், இல்லையென்றால் வீட்டில் டிஸ்குகள்தான் பெருகும்.

கன்னங்குறிச்சியான்

பத்து நாள் கழித்து வருகிறேன். 10 ஜிபிபிஎஸ் வகை 1 டிபி எஸ்எஸ்டி ஒன்று வாங்கி, முழுக் கொள்ளளவுக்கும் எழுதிச் சரிபார்த்து, என்டிஎஃப்எஸ்ஸில் ஃபார்மட் செய்து, ‘வி’ எழுத்தைக் கொடுத்தேன். பழைய 2 டிபி டிஸ்கில் இருந்ததை ஒரு புதிய 4 டிபி ஹார்டு டிஸ்குக்கு மாற்றி, பிறகு அந்தப் பழைய டிஸ்கையும் என்டிஎஃப்எஸ்ஸில் ஃபார்மட் செய்து இருப்பாக வைத்துவிட்டேன். 4 டிபி டிஸ்க் ஆத்தூரில் என் அக்கா வீட்டுக்குப் போகிறது. கேமராக்களில் முன்னொட்டை மாற்றும் வசதி இருந்தது. நான்கு ஆண்டுகளாக அந்த மெனுவைத் திறந்ததில்லை.

கோட்டை மாரியம்மன் ஆடித் திருவிழாவில் இரண்டு கேமராவிலும் இரண்டு மணி நேரம் எடுத்து, இந்த ஏற்பாட்டிலேயே ஒரு சிறிய தொகுப்பைச் செய்து பார்த்தேன். 180 ஜிபியைக் குளோன் டூலில் இரண்டு டிஸ்குக்கும் இறக்கச் சரிபார்ப்பு உட்பட ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. மல்டிகேம் ஒரு முறைகூட நிற்கவில்லை. ட்ரோனுக்கு பிராக்சி போட்டுவிட்டேன். நடுவில் ஒரு நாள் மின்சாரம் போனது. எஸ்எஸ்டி லேப்டாப்பிலிருந்தே மின்சாரம் எடுப்பதால் எதுவும் ஆகவில்லை.

ஒரே ஓர் ஐயம். வேலை முடிந்ததும் எஸ்எஸ்டியை அப்படியே பிடுங்கலாம் என்று என் உதவியாளர் சொல்கிறார்.

சூரமங்கலம் எடிட்டர்

விண்டோஸ் 10-இன் 1809 பதிப்பிலிருந்து வெளி டிஸ்குகளுக்கு ‘குவிக் ரிமூவல்’ என்பதே இயல்பு அமைப்பு. எழுத வேண்டியதை நினைவகத்தில் தேக்கி வைக்காது. அதை வைத்து அவர் சொல்கிறார். ஆனால் ரிசால்வ் திறந்திருக்கும்போது எந்தக் கோப்பை அது எழுதிக்கொண்டிருக்கிறது என்பது உங்களுக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது. ரிசால்வை மூடி, ‘எஜெக்ட்’ கொடுத்து, அனுமதி வந்த பிறகு கழற்றச் சொல்லுங்கள். டிஸ்க் பயன்பாட்டில் இருக்கிறது என்று மறுத்தால், பெரும்பாலும் ஏதோ ஒரு ஃபைல் எக்ஸ்ப்ளோரர் சாளரம் திறந்திருக்கும்.

மலைக்காபி

அந்த நண்பரின் கேபிளைத் திருப்பிக் கொடுத்துவிட்டீர்களா, தம்பி?

கன்னங்குறிச்சியான்

கொடுத்துவிட்டேன் அக்கா, சிவப்பு டேப் சுற்றியே கொடுத்தேன். என்னுடையதிலும் சிவப்பு டேப் இருக்கிறது. சார்ஜர் கேபிளை அலமாரியிலிருந்து வெளியே எடுத்து வைத்துவிட்டேன்.